கடல் தாண்டும் பார்சல்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது, "ஏதாவது சாதனையைப் பற்றிச் சொல்லுங்க"ன்னு செயலாளர் கேட்டுக்கொண்டார். யோசித்துப் பார்த்தேன். சாதனை என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் நான் செய்த ஒரு தப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்கு அது பிரயோஜனப்படும் என்று தோன்றியதால் அதையே சொல்ல வந்திருக்கிறேன்.

2010-ல் இந்தக் கல்லூரியை விட்டுப் போனேன். படித்தது இயந்திரவியல், பிழைப்பு மென்பொருள். நம்மில் பலருடைய கதை அதுதான். 2020-ல் கொரோனா வந்து ஆபீஸை மூடியதும், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாவூர்சத்திரத்துக்கே வந்துவிட்டேன். பகலில் கம்பெனி வேலை. சாயங்காலம் சும்மா இருக்கப் பிடிக்காமல், 2021-ல் அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு சின்ன இணையக் கடை ஆரம்பித்தோம். கருப்பட்டி, பனங்கற்கண்டு, சுக்கு, ஓலைப்பெட்டி, சொளகு, பத்தமடைப் பாய். வெளியூரில் இருக்கும் நம் ஜில்லாக்காரர்கள் ஏங்குகிற சாமான்கள். கொள்முதலும் பேக்கிங்கும் அண்ணன் பொறுப்பு. கணினி வேலை என் பொறுப்பு.

வாங்குபவர் தன் பின்கோடை அடித்தவுடன், 'உங்கள் பார்சல் இத்தனை நாளில் வரும், அனுப்பும் கூலி இவ்வளவு' என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு அட்டவணை எழுதினேன். பின்கோடு ஆறு இலக்கம். 1972-ல் தபால் துறை கொண்டுவந்தது. முதல் மூன்று இலக்கமும் சேர்ந்தால் பிரித்தனுப்பும் மாவட்டம் தெரிந்துவிடும். நான் அந்த மூன்று இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். 600 என்றால் சென்னை, 682 என்றால் கொச்சி. கொச்சிக்கு நாலு நாள். புளியரை வழியாக ஆரியங்காவு தாண்டினால் கேரளாதானே! வேலை சுளுவாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

2022 ஜூன் மாதம் ஒரு ஆர்டர் வந்தது. பத்தமடைப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து கொடுக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அப்படி இரண்டு பெயர் போட்ட கல்யாணப் பாய் ஒன்று. கேட்டவர் நம் பக்கத்து ஊர்க்காரர், வேலை பார்க்கிற இடத்தில் கூட இருக்கிறவருக்குக் கல்யாணமாம். பின்கோடு 682555. பாய் கையில் தயாரானதும் என் அட்டவணை 'நாலு நாள்' என்று அவருக்குச் சொல்லிவிட்டது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அவரும் நிம்மதியாக இருந்துவிட்டார்.

682555 கொச்சி இல்லை. அது கவரத்தி, லட்சத்தீவின் தலைநகர். கொச்சியிலிருந்து கடலில் சுமார் 400 கி.மீ. லட்சத்தீவில் மக்கள் வசிக்கிற தீவுகள் பத்து. அவை கேரளத் தபால் வட்டத்தில் சேர்ந்தவை என்பதால் கொச்சியின் 682 என்ற அதே மூன்று இலக்கம்தான் அவற்றுக்கும். கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால்தான் கடல் தெரியும். நான் பார்க்கவில்லை.

கூரியர்காரர்களும் 682 என்று பார்த்து வாங்கிக்கொண்டார்கள். பார்சல் கொச்சி வரை ஒழுங்காகப் போனது. அங்கே ஒரு வாரம் கிடந்தது. பிறகு, 'இது எங்கள் எல்லைக்கு அப்பால்' என்று பதில் வந்தது. எர்ணாகுளத்தில் இருந்த நண்பன் ஒருவனைப் பிடித்து, பார்சலை மீட்டு, தபாலில் சேர்க்கச் சொன்னேன். இருபத்து நாலாம் நாள் அது கவரத்தி போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்குப் போய்த் திரும்பியே வந்துவிட்டார்கள்.

நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. "தம்பி, பாய் நல்லா இருக்கு. லேட்டானதுக்கு நான் வருத்தப்படல. இங்க இருக்கிறவங்களுக்குக் காத்துக்கெடக்கது புதுசா? ஒரு மாசம் ஆகும்னு சொல்லியிருந்தா ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பேம்லா?" என்றார்.

அந்த வார்த்தையை அப்போதே நான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பொறியாளன் புத்தி வேறு மாதிரி வேலை செய்தது. பிரச்சினை வருகிற இடத்தை அடைத்துவிடு! 682551 முதல் 682559 வரை ஒரு வரி, 744 என்று ஆரம்பிக்கிற அந்தமான் நிக்கோபார் எல்லாவற்றுக்கும் ஒரு வரி. இரண்டே வரி நிரல். 'மன்னிக்கவும், உங்கள் பகுதிக்கு அனுப்ப இயலாது.' எழுத இரண்டு நிமிஷம் ஆகவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து போர்ட் பிளேரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். (2024-ல் அந்த ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றியிருக்கிறார்கள். அவர் எழுதியபோது போர்ட் பிளேர்தான்.) அவருடைய தாத்தா கடையத்திலிருந்து போனவராம். "உங்க கடையில இந்தியா முழுக்க அனுப்புவோம்னு பெரிசா போட்டிருக்கீங்க. பின்கோடை அடிச்சா இயலாதுங்கறீங்க. அப்ப நாங்க எந்த நாடு? எல்லாக் கடையிலயும் இதேதான். நம்ம ஊர்க் கடையாவது வேற மாதிரி இருக்கும்னு நெனச்சேன்." இவ்வளவுதான் கடிதம்.

அந்தமானில் தமிழர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. வங்காளிகளுக்கும் தெலுங்கர்களுக்கும் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை 1970-களில் குடியமர்த்தினார்கள். அவர்களுக்கெல்லாம் சேர்த்து நான் இரண்டு வரியில் கதவை அடைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, திறக்க வேண்டும். எப்படித் திறப்பது? கிலோமீட்டரை வைத்து நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிப்படவில்லை. கடைசியில் விடை கிடைத்தது நம்ம பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில். கமிஷன் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். தக்காளிப் பெட்டியை எண்ணிக்கொண்டே அவர் சொன்னார்: "தம்பி, தூரம் என்ன தூரம்! கொல்லத்துக்குப் போற லோடுக்கு நான் தூரத்தையா பாக்கேன்? வண்டி எப்பம் கெளம்புதுன்னுதான் பாப்பேன். வண்டியை விட்டுட்டா புனலூரும் ஒண்ணுதான், லண்டனும் ஒண்ணுதான். காய் மறுநாள் வரைக்கும் இங்கனதான் கெடக்கும்."

நாலு வருஷம் பொறியியல் படித்த எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் விஷயம் விளங்கியது. தீவுக்குத் தூரத்தை கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. அடுத்த கப்பல் எப்போது, அடுத்த விமானத்தில் இடம் உண்டா, கடல் எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல்வழியில் ஏறக்குறைய 1,190 கி.மீ. கப்பலுக்கு மூன்று நாள் போல ஆகும். ஆனால் பார்சலின் நாள் கணக்கில் அந்த மூன்று நாள் சின்னப் பங்குதான். கப்பலுக்காகத் துறைமுகத்தில் கிடக்கிற நாள்தான் பெரிய பங்கு. போர்ட் பிளேரில் இறங்கியதோடும் முடியவில்லை. கிரேட் நிக்கோபாரில் கேம்பெல் பே என்று ஒரு ஊர். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியேற்றிய இடம். போர்ட் பிளேரிலிருந்து அதற்கு இன்னும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். அங்கே வேறு கப்பல், வேறு காத்திருப்பு.

இதில் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. ஜூன் பிறந்தால் நமக்குக் குதூகலம். குற்றாலத்தில் சீசன், பாவூர்சத்திரம் வரைக்கும் சாரல் அடிக்கும். அதே தென்மேற்குப் பருவக்காற்று நம்மிடம் வருமுன் எங்கே இருந்தது? அரபிக்கடலில், லட்சத்தீவின் மேல். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பேப்பூர், மங்களூரிலிருந்து சரக்கு ஏற்றிப்போகும் சின்ன உருக்கள் கடலுக்குப் போவதில்லை. பெரிய கப்பல் போனாலும், அலை மிஞ்சினால் கரைக்குச் சரக்கு இறக்குவது பெரும்பாடு. நாம் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கிற மாதத்தில்தான் நான் கவரத்திக்கு 'நாலு நாள்' என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்!

தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் என்று சின்ன வகுப்பில் படித்தோம். பார்சல்காரனுக்கு அந்த இலக்கணம் போதாது. ராமேசுவரமும் தீவுதான். ஆனால் 1914-லேயே பாம்பனில் ரயில் பாலம் வந்துவிட்டது, 1988-ல் சாலைப் பாலம், 2025-ல் புது ரயில் பாலம். அதனால் ராமேசுவரத்துக்குப் பார்சல் அனுப்ப யாரும் யோசிப்பதில்லை. தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் சுமார் முப்பது கி.மீ.யில் தலைமன்னார். அவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது ஏற்றுமதி. சுங்க அறிக்கைப் படிவம் நிரப்ப வேண்டும், ஏற்றுமதி உரிமக் குறியீடு வேண்டும். ஆயிரத்து இருநூறு கி.மீ. தள்ளியிருக்கும் போர்ட் பிளேருக்குச் சுங்கமே கிடையாது. யூனியன் பிரதேசம் என்பதால் மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைப்போல ஐ.ஜி.எஸ்.டி. கணக்கு, அவ்வளவுதான். 'தீவு' என்றதும் நிறைய விற்பனையாளர்கள் வெளிநாடு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. கணக்குத்தான் வேறு.

அந்தக் கணக்கைப் படிப்படியாகக் கற்றுக்கொண்டோம். ஒவ்வொரு படியிலும் அடிபட்டுத்தான் கற்றோம். தம்பி தங்கைகள் யாராவது விற்பனைத் தொழிலுக்கு வந்தால் உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இந்தச் சாமான் பறக்குமா? தீவுக்கு லாரி போகாது. சீக்கிரம் போக வேண்டுமானால் விமானம்தான். விமானத்தில் ஏற்றக்கூடாத பொருள் என்று ஒரு பெரிய பட்டியல் உண்டு. போர்ட் பிளேரில் ஒரு கோயில் கொடைக்காகப் பூஜைப் பெட்டி ஒன்று கட்டினோம். அதில் அண்ணன் பக்தியோடு ஒரு டப்பா கற்பூரம் வைத்துவிட்டான். கற்பூரம் எரியும் திடப்பொருள், அபாயகரமான சரக்கு வகையில் வருவது. மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிட்டது. தீப்பெட்டி, வாசனை ஸ்பிரே, பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இப்போது எங்கள் கடையில் ஒவ்வொரு சாமானுக்கும் 'பறக்கும்', 'பறக்காது' என்று ஒரு குறி உண்டு. கற்பூரத்தை அங்கேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது, காற்றுக்குக் கொடுக்கிற காசு. விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். அதில் வருகிற கிலோவும் உண்மையான எடையும், எது அதிகமோ அதற்குத்தான் கூலி. சுருட்டிய பாய் 125 செ.மீ. நீளம், 14 செ.மீ. கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 125 x 14 x 14 = 24,500. ஐயாயிரத்தால் வகுத்தால் 4.9 கிலோ. பாயின் நிஜ எடை இரண்டு கிலோகூட வராது. மீதி மூன்று கிலோ வெறும் காற்று! அதே பாயை இறுக்கிச் சுருட்டி 10 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 2.5 கிலோதான். அண்ணன் இதற்காக ஒரு மரக்கட்டை செய்து வைத்திருக்கிறான். நம் பட்டறை வகுப்பில் நான் செய்த சுத்தியலைவிட அது நன்றாக இருக்கிறது.

மூன்றாவது, கடல் காற்று. கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். நம் வீட்டிலேயே மழைக்காலத்தில் கசியும். அது மழை மாதத்தில் ஒரு துறைமுகக் கிட்டங்கியில் பத்து நாள் கிடந்தால் என்ன ஆகும்? முதல் முறை அனுப்பியதை வாங்கியவர் படம் எடுத்து அனுப்பினார். ஓலைப்பெட்டியின் அடியில் பாகு. இப்போது காற்றுப் புகாத உறையில் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு, அதற்கு மேல்தான் ஓலைப்பெட்டி. ஓலைப்பெட்டி அழகுக்கு, உறை பிழைப்புக்கு.

நான்காவது, கூலியையும் தேதியையும் முன்கூட்டியே சொல்வது. பணம் கட்டும் பக்கத்துக்குப் போன பிறகு 'தீவுக் கூலி' என்று ஒன்றைச் சேர்ப்பது, பணம் வாங்கிய பிறகு 'அனுப்ப முடியவில்லை' என்று ரத்து செய்வது இரண்டும் கூடாது. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், அனுப்பும் கூலி உட்பட மொத்த விலையை விற்பனையாளர் பிரித்துக் காட்ட வேண்டும் என்கின்றன. நாங்கள் பின்கோடை முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுகிறோம். ஆறு இலக்கத்தையும் பார்க்கிறோம். 'விமானத் தபாலில் இவ்வளவு நாள் முதல் இவ்வளவு நாள் வரை, மழை மாதத்தில் இவ்வளவு கூடும்' என்று கீழெல்லையும் மேலெல்லையும் காட்டுகிறோம்.

இந்த விவகாரம் நமக்கு மட்டும் உள்ளதில்லை. அமெரிக்காவில் ஹவாய், அலாஸ்காவை விலக்கிவிட்டு மற்ற 48 மாநிலத்துக்கு மட்டும் இலவசமாக அனுப்புகிற கடைகள் நிறைய. ஆனால் அவர்களுடைய தபால் துறையின் ஒரே கட்டணப் பெட்டி ஹவாய்க்கும் அதே விலையில் போகும். ஸ்காட்லாந்தின் வடக்குத் தீவுகளில் பார்சல் கூலி அதிகம் என்ற முறையீடு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. எங்கே போனாலும், கடைசியில் தீவுக்காரனுக்குக் கை கொடுப்பது தபால் துறைதான். எங்கள் தீவுப் பார்சல்களில் பெரும்பங்கு ஸ்பீடு போஸ்ட்டில்தான் போகிறது. எங்கள் தபால் அலுவலகத்தில் இருக்கும் அக்கா 744 என்று பார்த்தாலே, "இன்னைக்கும் அந்தமானா தம்பி? முகவரியில தீவு பேரு இருக்கா?" என்று கேட்டுத்தான் வாங்குவார். அந்தக் கேள்வியை என் மென்பொருளிலும் சேர்த்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் திறந்தார்கள். சுமார் 2,300 கி.மீ. 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கும் திறந்தார்கள். அதற்கு முன் அங்கே இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. இன்றைக்குப் போர்ட் பிளேரில் ஒருவர் பொத்தானை அமுக்கினால், அந்தச் செய்தி சென்னைக் கரையைத் தொட ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆர்டர் ஒளியின் வேகத்தில் வருகிறது. கருப்பட்டி கப்பலின் வேகத்தில் போகிறது. கேபிள் போட்ட பொறியாளர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். நடுவில் இருக்கிற வித்தியாசத்தை மறைக்காமல் சொல்லவேண்டியது என்னைப்போல அட்டவணை எழுதுகிறவன் வேலை. அதில்தான் நான் பொய் சொன்னேன். தெரிந்து சொன்ன பொய் இல்லை. தெரிந்துகொள்ளச் சோம்பல்பட்டுச் சொன்ன பொய்.

தாமதம் தப்பில்லை. தீவில் இருப்பவர்கள் கப்பலுக்கும் காற்றுக்கும் பழகியவர்கள். உண்மைத் தேதி தெரிந்தால் அவர்கள் நம்மைவிட நன்றாகத் திட்டம் போடுவார்கள். பொய்த் தேதி கொடுத்தால் அவர்களால் ஒன்றுமே செய்ய முடியாது. 'இயலாது' என்று கதவை அடைத்தாலோ, திட்டம் போடும் வாய்ப்பே இல்லை.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு அட்டவணை எழுதுவீர்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஒழுங்காக வரும். மிச்சம் ஒன்று முரண்டு பிடிக்கும். 'விதிவிலக்கு' என்று பெயர் வைத்து அதை வெட்டிவிடச் சொல்லி மேலதிகாரியும் சொல்வார், உங்கள் சோம்பலும் சொல்லும். வெட்டுமுன், அந்த ஒன்றில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். எனக்குக் கடையத்துப் பேத்தி ஒருவர் உட்கார்ந்திருந்தார். இறுதியாண்டு புராஜெக்ட் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனையும் தருகிறேன். கப்பல் கால அட்டவணையையும் வானிலை எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்த்து, தீவுப் பின்கோடுக்கு நம்பகமான தேதி சொல்லும் ஒரு நிரல் எழுதுங்கள். என்னிடம் உள்ள மூன்று வருஷத்து அனுபவக் குறிப்பு முழுவதையும் தருகிறேன். என் தப்புகளும் அதில் அடக்கம்.

இப்போது மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பார்சல் தீவுகளுக்குப் போகிறது. பெரிய லாபம் என்று சொல்ல மாட்டேன். நஷ்டமும் இல்லை. போர்ட் பிளேர் அம்மா தீபாவளிக்குத் தவறாமல் வாங்குகிறார். அந்தக் கவரத்திக்காரர், போன வருஷம் இன்னொரு கல்யாணப் பாய்க்கு ஆர்டர் போட்டார். கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பயத்தோடு கேட்டேன். "ஒன்றரை மாசம் இருக்கு தம்பி. ஒங்க கடையிலதான் இப்பம் நெசத்தைச் சொல்லுதீங்களே, அதான் இப்பமே சொல்லிட்டேன்" என்றார். பாய் பன்னிரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. சமையல்காரர் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை.